கழிவறைப் பக்கத்துக் கட்டில் யாருக்கு? தீயணைப்பு நிலையப் படுக்கைக் கூடத்தின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் நிற்பவன் என்று என்மேல் உங்களுக்கு உள்ள பழைய புகார் எனக்குத் தெரியும். இன்றும் அப்படித்தான். சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து பழைய மாணவி ஒருத்தி பேசினாள். கட்டடக்கலை படித்தவள். அவள் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு, அந்த நகரத்தின் பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றில் வீரர்கள் தூங்கும் பகுதியைப் புதுப்பிக்கும் வேலை வந்திருக்கிறது. மாடியில் ஒரே நீளக் கூடம், சுவரோரம் வரிசையாகக் கட்டில்கள். அதை ஆளுக்கொரு சிறு அறையாகத் தடுக்க வேண்டும். வேலை சின்னது, ஆனால் அதைச் சுற்றி நடக்கும் சண்டை பெரியது.

"நூறு வருஷமா எல்லாரும் ஒண்ணா படுத்த இடம், இதைத் தடுத்தா சகோதரத்துவமே போயிடும்னு அங்க சீனியரா இருக்கிறவங்க சொல்றாங்க சார். எதை எடுத்தாலும் முதல்ல அதோட வரலாறைப் பாருன்னு நீங்க சொல்வீங்களே, ஒரு பெட்ரூமுக்கு என்ன சார் வரலாறு இருக்கும்?" என்று கேட்டாள்.

சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு அவள் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் மனசில் நின்றுகொண்டது. "எல்லாரும்." நூறு வருஷமாக எல்லோரும் ஒன்றாகப் படுத்தார்களா? படித்தது, நினைவில் இருந்தது, மறுபடி தேடிச் சரிபார்த்தது எல்லாவற்றையும் சேர்த்து அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய விஷயம் இது என்று தோன்றியது.

தூங்குவதற்கு ஏன் சம்பளம்?

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. தீயணைப்பு நிலையத்தில் படுக்கை எதற்கு? போலீஸ் நிலையத்தில் ராத்திரி டியூட்டி பார்ப்பவர் விழித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி நர்சும் அப்படியே. தீயணைப்பு வீரர் மட்டும் படுத்துக்கொள்ளலாம். ஏனென்றால் அவருடைய வேலை காத்திருப்பது. மணி அடித்த கணத்தில் எழுந்து ஓட வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும், வண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கவும் வேண்டும்.

ஆதியில் இப்படி இல்லை. 1736-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கியபோது அது அக்கம்பக்கத்தார் சேர்ந்த தொண்டர் குழு. தீ என்று குரல் கேட்டால் அவரவர் வீட்டிலிருந்து தோல் வாளியோடு ஓடி வருவார்கள். நியூயார்க் போன்ற நகரங்களில் 19-ம் நூற்றாண்டில் இந்தத் தொண்டர் குழுக்களுக்குள் யார் முதலில் போய்ச் சேருவது என்று கடும் போட்டி. கல்யாணமாகாத இளைஞர்கள் வண்டி நிற்கும் கொட்டகையிலேயே படுக்க ஆரம்பித்தார்கள். தீயணைப்பு நிலையத்தில் படுக்கை வந்தது அப்படித்தான். யாரும் உத்தரவு போட்டுக் கட்டியதல்ல.

பிறகு நீராவி பம்பு வந்தது. 1853-ல் சின்சினாட்டி நகரம் அந்தப் பம்போடு, முழுச் சம்பளம் பெறும் தீயணைப்புப் படையை அமைத்தது. அந்த எந்திரத்தின் எடைக்கு ஆள் இழுத்தால் போதாது, குதிரை வேண்டும். குதிரை இருந்தால் லாயம் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நியூயார்க் 1865-ல் தொண்டர்களை அனுப்பிவிட்டுச் சம்பளப் படைக்கு மாறியது. அந்தச் சம்பளக்காரர்களுக்கு ஷிப்ட் என்று ஒன்று கிடையாது. சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்குப் போய்வர சில மணி நேரம், மாதத்தில் சில நாள் விடுப்பு, மற்றபடி இரவும் பகலும் நிலையம்தான். அந்தப் படுக்கைக் கூடம் அவர்களுக்கு ராத்தங்கும் இடம் மட்டுமல்ல. வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்த வீடு.

லண்டனில் வேறு வழி. அங்கே 1833-ல் காப்பீட்டுக் கம்பெனிகள் தங்கள் தனிப்படைகளை ஒன்று சேர்த்து ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவரிடம் ஒப்படைத்தன. 1861-ல் டூலி தெருத் தீயில் சுவர் இடிந்து விழுந்து அவர் இறந்தார். அதன் பிறகு அரசாங்கமே பொறுப்பேற்று 1866-ல் மெட்ரோபாலிட்டன் படையைத் தொடங்கியது. தலைவர் ஐயர் மாஸி ஷா. அவர் கப்பல் மாலுமிகளைத்தான் விரும்பி எடுத்தார். காரணம், அவர்களுக்கு இரவும் பகலும் முறை வைத்து விழித்திருந்து பழக்கம், கட்டளைக்குக் கீழ்ப்படிந்தும் பழக்கம். லண்டனில் வீரர்கள் மனைவி மக்களோடு நிலையத்திலேயே குடியிருந்தார்கள். அமெரிக்காவில் ஆண்கள் மட்டும் படுக்கும் பொதுக்கூடம், லண்டனில் குடும்பக் குடியிருப்பு. ஒரே வேலைக்கு இரண்டு விதமான கட்டடம். ஆகவே, பொதுக்கூடம்தான் இந்தத் தொழிலின் இயற்கை என்று யாரும் சொல்ல முடியாது. அது அந்த நாட்டில், அந்தக் காலத்துத் தேவைக்குக் கட்டிய ஒரு ஏற்பாடு.

குதிரைக்காகக் கட்டிய வீடு

குதிரைக் காலத்து அமெரிக்க நிலையத்தை நினைத்துப் பாருங்கள். தரைத்தளத்தில் பம்பு வண்டி, அதற்குப் பின்னால் குதிரைகள். முதல் மாடியில் ஆட்கள். அதற்கும் மேலே தீவனம் அடுக்கும் பரண். மாடிப்படி பல இடங்களில் சுருள்படியாக இருந்தது. சாதாரணப் படி வைத்தால் குதிரை மாடிக்கு ஏறிவிடுகிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம்!

ராத்திரி எப்படி இருந்திருக்கும்? 1852-ல் பாஸ்டனில் தந்தி மூலம் தீ அறிவிக்கும் முறை வந்து, பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. தெருவில் உள்ள பெட்டியை இயக்கினால், அந்தப் பெட்டியின் எண் நிலையத்தின் மணியில் தட்டுத் தட்டாக ஒலிக்கும். ஆட்கள் இருட்டில் படுத்தபடியே தட்டுகளை எண்ணுவார்கள். நம் பகுதியா, பக்கத்துப் பகுதியா? கட்டிலுக்குக் கீழே பூட்ஸ். பூட்சின்மேல் கால்சட்டையை ஏற்கெனவே மடித்து இறக்கி வைத்திருப்பார்கள். காலை உள்ளே விட்டு, இழுத்து மாட்டினால் முடிந்தது. கீழே, மணி அடித்ததும் லாயத்தின் கதவு திறக்கும், பழகிய குதிரைகள் தாமாகவே வண்டியின் முன்னால் வந்து நிற்கும், மேலே தொங்கும் சேணத்தைக் கீழே இறக்கிப் பூட்டுவார்கள். இத்தனைக்கும் சில வினாடிகள்தான்.

எல்லாம் வேகமாக நடந்தது. ஒன்றே ஒன்றுதான் தாமதம். அந்தச் சுருள்படி. தூக்கக் கலக்கத்தில் ஆறேழு பேர் ஒரே நேரத்தில் சுருள்படியில் இறங்குவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

அதற்கு வழி கண்டவர்கள் சிகாகோவில் 21-ம் எண் கம்பெனிக்காரர்கள். 1878. பரணில் வேலையாக இருந்தபோது மணி அடித்தது. அங்கே தீவனக் கட்டுகளை வண்டியில் அழுத்திப் பிடிக்கப் பயன்படும் நீண்ட மரக்கம்பம் ஒன்று இருந்தது. ஜார்ஜ் ரீட் என்பவர் அதைப் பிடித்துச் சறுக்கிக் கீழே வந்துவிட்டார். கேப்டன் டேவிட் கென்யன் அதைப் பார்த்தார். மேலிடத்தில் பேசி, படுக்கைக் கூடத்தின் தரையில் ஓட்டை போட்டு, பைன் மரத்தை இழைத்து மெழுகு பூசி நிறுத்தினார். மற்ற நிலையத்துக்காரர்கள் கேலி செய்தார்கள். ஆனால் இரவுத் தீ என்றால் 21-ம் கம்பெனிதான் முதலில் போய் நின்றது. கேலி அடங்கியது. 1880-ல் பாஸ்டன்காரர்கள் மரத்துக்குப் பதில் பித்தளையில் செய்தார்கள். பிறகு உலகமெல்லாம் பரவியது. நம் பிள்ளைகள் கார்ட்டூனில் பார்க்கிறார்களே, அந்தக் கம்பம்தான்.

இப்போது இந்தக் கதையில் பொதுவாக விட்டுவிடும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். சிகாகோவின் 21-ம் கம்பெனி, கேப்டன் தவிர்த்து, முழுவதும் கருப்பின வீரர்களைக் கொண்டது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்து பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. வெள்ளையரோடு சேர்ந்து படுக்க இடம் இல்லாதவர்கள், தனியாக ஒதுக்கப்பட்ட தங்கள் கூடத்தில் ஒரு ஓட்டை போட்டார்கள். அந்த ஓட்டையை எல்லா நிலையமும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனது. அதைக் கண்டுபிடித்தவர்களை மட்டும் கொண்டுபோகவில்லை.

அந்த ஒரு கட்டில்

1919 ஜனவரியில் நியூயார்க்கின் புரூம் தெருவில் உள்ள 55-ம் எண் நிலையத்துக்கு ஒரு புதிய ஆள் வந்தார். பெயர் வெஸ்லி வில்லியம்ஸ். வயது இருபத்தொன்றுதான். அப்பா கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் போர்ட்டர்களின் தலைவர். உடல்திறன் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர். கருப்பினத்தவர்.

அவர் வந்த அன்றே நிலையத்தின் கேப்டன் ஓய்வு பெற்றுக்கொண்டு போய்விட்டார். மற்ற வீரர்கள் இடமாற்றம் கேட்டு எழுதினார்கள். இடமாற்றம் கிடைக்கவில்லை. அடுத்த யோசனை என்ன தெரியுமா? இவர் மாடியில் மற்றவர்களோடு படுக்க வேண்டாம், நிலவறையில் படுக்கட்டும் என்றார்கள். வில்லியம்ஸ் மறுத்துவிட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவரோடு சேர்ந்து தீக்குள் போகமாட்டோம் என்பதல்ல அங்கே பெரிய பிரச்சினை. தீக்குள் யார் குழாயைப் பிடித்தால் என்ன? புகையில் நிறம் தெரியாது. தீ அணைந்து திரும்பி வந்த பிறகுதான் பிரச்சினை. எங்கே படுப்பது, எந்தத் தட்டில் சாப்பிடுவது, எந்தக் குழாயில் முகம் கழுவுவது. வேலையில் சமம் என்று சட்டம் சொல்லிவிட்டால், சமமில்லை என்பதைக் காட்ட மிச்சம் இருக்கும் இடம் படுக்கையும் பந்தியும்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வில்லியம்ஸ் அங்கேயே நின்றார். உடல்பலம் உள்ளவர், குத்துச்சண்டை தெரிந்தவர், படிக்கவும் செய்தார். 1927-ல் லெப்டினன்ட், 1934-ல் கேப்டன், 1938-ல் பட்டாலியன் சீஃப். ஒரு காலத்தில் மாடியில் படுக்க விடாதவர்களுக்கு உத்தரவு போடும் இடத்துக்கு வந்தார்.

ஆனால் ஒருவர் மேலே போனால் மட்டும் மற்றவர்களுடைய கட்டில் மாறிவிடாது. வேறு நிலையங்களில் ஒன்றிரண்டு பேராகச் சேர்ந்த கருப்பின வீரர்களுக்கு என்ன நடந்தது? நிலையத்தில் கட்டில்கள் ஷிப்ட் மாறும்போது கைமாறும். இன்று நான் படுத்ததில் நாளை நீங்கள் படுப்பீர்கள். கருப்பர் படுத்த கட்டிலில் படுக்க வெள்ளையர்கள் சம்மதிக்கவில்லை. ஆகவே ஒரு கட்டிலை மட்டும் ஒதுக்கி, கருப்பின வீரர் யார் வந்தாலும் அதில்தான் படுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அது பெரும்பாலும் கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டில். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களுக்கு ஜிம் க்ரோ என்று பெயர். அதை வைத்து இதற்கும் ஜிம் க்ரோ கட்டில் என்று பெயர் வந்தது. கவனியுங்கள், நியூயார்க் தெற்கு மாநிலம் அல்ல. அங்கே அப்படிச் சட்டமும் இல்லை. கட்டில் மட்டும் இருந்தது.

1940-ல் வில்லியம்ஸ் முன்னின்று வல்கன் சொசைட்டி என்ற கருப்பின வீரர்களின் சங்கத்தைத் தொடங்கினார். அதன் ஆரம்பகாலப் போராட்டங்களில் ஒன்று இந்தக் கட்டிலை எதிர்த்துத்தான். சம்பள உயர்வுக்கு முன்னால், பதக்கத்துக்கு முன்னால், ஒரு கட்டிலுக்காகப் போராட வேண்டியிருந்தது.

லாஸ் ஏஞ்சலஸில் வேறு வகை. அங்கே 14, 30 என்ற இரண்டு நிலையங்களை மட்டும் கருப்பின வீரர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் இடம் இல்லை என்றால் வேலையும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. 1956-ல்தான் அது முடிவுக்கு வந்து, அவர்களை நகரத்தின் மற்ற நிலையங்களுக்கு அனுப்பினார்கள். போன இடங்களில் எல்லாம் வரவேற்பு இருந்தது என்று நினைக்க வேண்டாம். படுக்கையை அசிங்கப்படுத்தி வைத்தவர்களும் இருந்தார்கள். அந்த 30-ம் நிலையம் இன்று கருப்பினத் தீயணைப்பு வீரர்களின் அருங்காட்சியகம்.

ஆகவே என் மாணவிக்கு முதல் பதில் இது. "நூறு வருஷமாக எல்லோரும் ஒன்றாகப் படுத்தோம்" என்பது பலருக்கு உண்மையான நினைவு. அவர்களைப் பொய் சொல்கிறவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கழிவறைப் பக்கத்தில் படுத்தவரிடம் கேட்டால் அந்தக் கூடத்தைப் பற்றி வேறு நினைவைச் சொல்வார்.

"பெண்கள் எங்கே படுப்பார்கள்?"

அடுத்து வந்தவர்கள் பெண்கள். நியூயார்க்கில் 1977-ல் முதல்முறையாகப் பெண்களையும் தேர்வு எழுத அனுமதித்தார்கள். உடல்திறன் தேர்வில் ஒரு பெண்கூடத் தேறவில்லை. பிரெண்டா பெர்க்மன் என்ற சட்டம் படித்த பெண் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தத் தேர்வு வேலைக்குத் தேவையான திறமையை அளக்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்வை மாற்றி நடத்தினார்கள். 1982-ல் பெர்க்மன் உள்பட சுமார் 40 பெண்கள் சேர்ந்தார்கள். அதே ஆண்டில் லண்டன் படையிலும் முதல் பெண் சேர்ந்தார்.

பெண்கள் வேண்டாம் என்பதற்குப் பலம், உயரம் என்று பல காரணம் சொன்னார்கள். அவற்றையெல்லாம் தேர்வு வைத்துச் சரிபார்த்துவிடலாம். தேர்வு வைத்து மறுக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது. "சரி, அவர்கள் எங்கே படுப்பார்கள்?" சில ஊர்களில் வீரர்களின் மனைவியரே இதைச் சொல்லி எதிர்த்தார்கள். கூடம் ஒன்று, குளியலறை ஒன்று, கதவில் தாழ்ப்பாள்கூட இல்லை. கட்டடத்தைக் காட்டியே ஆட்களைத் தடுத்தார்கள். சுவர் கட்டினால் தீரும் விஷயத்தை இயற்கைச் சட்டம் மாதிரி பேசினார்கள்.

இது ஏதோ அமெரிக்காக்காரர்கள் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நாக்பூரில் உள்ள தேசிய தீயணைப்புக் கல்லூரியில் 2002-ல் முதல் பெண்ணாகச் சேர்ந்தவர் ஹர்ஷினி கன்ஹேகர். அது விடுதியில் தங்கிப் படிக்க வேண்டிய படிப்பு. அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த இடம், பெண்ணுக்கு விடுதி ஏது? வீட்டிலிருந்து வந்துபோக அவருக்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. உள்ளூர்ப் பெண்ணாக இருந்ததால் முடிந்தது. வெளியூர்ப் பெண்ணாக இருந்திருந்தால்? ஒரு படுக்கை இல்லாததால் ஒரு படிப்பே இல்லாமல் போயிருக்கும்.

நம் தமிழ்நாட்டில் 2003-ல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் கோட்டத் தீயணைப்பு அதிகாரிகளாகப் பொறுப்பேற்றார்கள். 1908-ல் தொடங்கிய சென்னையின் தீயணைப்புப் படைக்கு அது ஏறக்குறைய நூறாவது வயது. 2012 ஜனவரியில் எழிலகம் வளாகத்தில் கலச மகால் தீப்பிடித்தபோது உள்ளே போய், கட்டடம் இடிந்து பலத்த காயம் அடைந்தவர் பிரியா. அந்தத் தீயில் ஒரு வீரர் உயிரிழந்தார். தீக்குள் யார் போகலாம் என்ற கேள்விக்கு அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

அதே ஓட்டை வழியாக வந்த புகை

கட்டடத்தை மாற்றச் சொல்லும் இன்னொரு காரணமும் இருக்கிறது. இது நிறம், ஆண் பெண் எதையும் பார்க்காத காரணம்.

1922 டிசம்பரில் நியூயார்க் தன் கடைசிக் குதிரை வண்டிக்கு விடை கொடுத்தது. லாயம் போனது, மோட்டார் வண்டி வந்தது. ஆனால் கட்டடம் அப்படியே இருந்தது. கீழே வண்டி, மேலே படுக்கை, நடுவில் கம்பத்துக்கான ஓட்டை. குதிரை இருந்தபோது அந்த வழியாக மேலே வந்தது சாண வாடை. பிறகு வந்தது டீசல் புகை. காலையில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார்கள், ராத்திரி வண்டி கிளம்பும், திரும்பும். ஒவ்வொரு முறையும் புகை நேராக மேலே தூங்குகிறவர் மூக்குக்கு வரும். தீயிலிருந்து திரும்பியவர்கள் கரியும் ரசாயனமும் படிந்த உடையைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கழற்றி வைப்பார்கள். உடையில் எவ்வளவு கரி இருக்கிறதோ அவ்வளவு பெருமை என்றிருந்த காலம் அது.

2012-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாகப் பட்டியலிட்டது. 2022-ல் தீயணைப்பு வீரராகப் பணிபுரிவதையே அந்தப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, பிலடெல்பியா நகரங்களின் சுமார் 30,000 வீரர்களின் பதிவுகளை ஆராய்ந்து பார்த்ததில், பொதுமக்களைவிட அவர்களுக்குப் புற்றுநோய் மரணம் சுமார் 14 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. 2007-ல் வந்த இன்னொரு ஆய்வின்படி, அந்நாட்டில் பணியின்போது இறக்கும் வீரர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் சாவது நெருப்பால் அல்ல, மாரடைப்பு போன்ற இதய நோயால். மணி அடித்துக் கிளம்பும் நேரத்திலேயே அந்த ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து தூக்கிப் போடும் மணி இதயத்துக்கு என்ன செய்யும் என்று நாமே ஊகிக்கலாம்.

அதனால்தான் இன்று புதுப்பிக்கும் நிலையங்களில் பல மாற்றங்கள். தூங்கும் பகுதிக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே காற்றுப் புகாத கதவு. வண்டியின் புகைபோக்கியில் குழாய் மாட்டிப் புகையை வெளியே தள்ளும் ஏற்பாடு. அழுக்கு உடைக்குத் தனி அறை, குளித்த பிறகே மேலே போகலாம் என்ற ஒழுங்கு. மணி ஓசை எடுத்த எடுப்பில் அலறாமல் மெல்ல ஏறும். விளக்கு கண்ணைக் குத்தாமல் சிவப்பாக எரியும். எந்த வண்டிக்கு அழைப்போ அந்த வண்டிக்காரர்களின் அறையில் மட்டும் மணி அடிக்கும், மற்றவர்கள் தூங்கலாம். பல இடங்களில் கம்பத்தின் ஓட்டையை மூடிவிட்டார்கள். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு.

பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

பழைய வீரர்களின் வருத்தத்தை நான் தள்ளிவிடவில்லை. ஒரு கோரமான தீயிலிருந்து, ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் திரும்பி வந்த ராத்திரியில், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் புரண்டு படுக்கும் சத்தமே ஆறுதல்தான். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ராத்திரியைக் கடப்பது கஷ்டம். இளைஞர்கள் ஆளுக்கொரு போனோடு அறைக்குள் போய்விட்டால் அனுபவம் எப்படிக் கைமாறும்? இது உண்மையான கேள்வி.

அதற்கு என் மாணவியிடம் ஒன்று சொன்னேன். அறைகளைச் சின்னதாக்கு, சமையலறையைப் பெரிசாக்கு. அந்த ஊர் நிலையங்களில் வீரர்கள் காசு போட்டு, தாங்களே சமைத்து, ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். உறவு வளர்வது விழித்திருக்கும்போதுதான். தூக்கத்தில் யாரும் யாருக்கும் அண்ணன் தம்பி ஆவதில்லை. எல்லோருக்கும் இடம் உள்ள ஒரு பெரிய மேசை, எல்லோருக்கும் ஒரே அளவில் ஒரு கதவு. இரண்டும் இருந்தால் கூடம் போனதில் பெரிய நஷ்டம் இல்லை.

"இன்னொண்ணும்மா. ப்ளானை முடிச்சதும், கழிவறையை ஒட்டின அறை எதுன்னு பாரு. அது யாருக்குப் போகும்னு கேளு. புதுசா வந்தவருக்கா, பொம்பளைப் பிள்ளைக்கா, வேற நிறத்துக்காரருக்கா? குலுக்கல் போட்டோ, முறை வச்சோ ஒதுக்கச் சொல்லு. இல்லைன்னா எத்தனை சுவர் எழுப்பினாலும் பழைய கட்டில் புது ரூமுக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும்" என்றேன்.

என் கணக்கும் ஒன்று இருக்கிறது

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1980-களின் தொடக்கத்தில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாணவர் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எனக்கு இருந்தது. நீளக் கூடம், பாய் விரித்துப் படுக்கும் பையன்கள். ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு ஒரு சுற்று வருவேன். ஒரு பையனின் பாய் மட்டும் எப்போதும் கழிவறை வாசலை ஒட்டியே இருந்தது. ஈரம் கசிந்து பாயின் ஓரம் கருத்திருக்கும். பெரிய பையன் ஒருவனிடம் கேட்டேன். "அவன் அங்கதான் சார் படுப்பான்" என்றான், கிழக்கில் சூரியன் உதிக்கும் என்று சொல்வதுபோல. அந்தப் பையன் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. நான் டார்ச்சைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

ஒரு வருஷம் முழுக்க அப்படிப் போனேன். நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று. அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாறிவிட்டேன். அந்தக் கூடத்தில் படித்தவர்கள் சிலர் இன்றும் என்னைப் பார்த்தால், "அந்த ஹாஸ்டல் நாள் மாதிரி வருமா சார், எல்லாரும் ஒண்ணா படுத்தோம்" என்கிறார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மாணவி போனில் "எல்லாரும்" என்று சொன்னதும் எனக்கு அந்தப் பாயின் கருத்த ஓரம்தான் கண்முன் வந்தது. வகுப்பில் சமத்துவம் பற்றி மதிப்பெண் வாங்கும்படி பாடம் நடத்தியவன் நான். இருபது அடி தூரத்தில் ஒரு பாயை நகர்த்தி வைக்க எனக்கு வாய் வரவில்லை. வெஸ்லி வில்லியம்ஸ் போல ஒருவர் எழுந்து நின்று மறுக்கும்வரை காத்திருப்பது சுற்றி இருப்பவர்களின் குற்றம். அது பன்னிரண்டு வயதுப் பிள்ளை செய்ய வேண்டிய வேலை அல்ல, டார்ச் வைத்திருந்தவன் செய்ய வேண்டிய வேலை.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். இந்தப் பதிவு சுற்றிச் சுற்றி அவன் கண்ணில் படுமா, தெரியாது. பட்டால், தம்பி, என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. பார்த்தேன், பேசாமல் போனேன் என்பதையாவது எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளைகளே, உங்களில் பலர் இன்று நாலு பேருக்கு இடம் ஒதுக்கும் பொறுப்பில் இருக்கிறீர்கள். விடுதி நடத்துகிறீர்கள், கம்பெனியில் வேலையாட்களுக்குத் தங்குமிடம் பார்க்கிறீர்கள், கல்யாண வீட்டில் சொந்தங்களுக்குப் பாய் போடுகிறீர்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். கழிவறைப் பக்கத்தில் படுப்பது யார்? பதில் ஒவ்வொரு முறையும் ஒரே ஆளாக இருந்தால், விஷயம் கட்டடத்தில் இல்லை.

மாணவி நேற்று ப்ளானை அனுப்பியிருந்தாள். எல்லா அறையும் ஒரே அளவு. கழிவறைகளை நடுவில் வைக்காமல் கூடத்தின் மறு ஓரத்துக்குத் தள்ளி, நடுவே துணிமணி அலமாரிகளை வைத்துவிட்டாள். "இப்ப எந்த ரூமும் பக்கத்துல இல்ல சார்" என்று எழுதியிருந்தாள். நான் சொன்ன குலுக்கலைவிட அது நல்ல யோசனை. மாணவர்கள் வாத்தியாரைத் தாண்டிப் போவதைப் பார்ப்பதில் உள்ள சந்தோஷம் உங்களுக்கும் ஒரு நாள் கிடைக்கட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள். படித்தவர்கள் உங்கள் விடுதி நாட்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுத வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்